நஸரேனோ சிக்கோனி கணக்கில் வராமல் போன கதை

ஹாலெட்டில் எத்தனை இத்தாலியர் இருக்கிறார்கள் என்று கேட்டால் நஸரேனோ சிக்கோனி ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்தமாட்டார். வீடு வீடாகச் சொல்வார். ஆலைத் தெருவில் இடப்பக்கம் முழுக்க நம்மவர்கள். பாலத்தடியில் இருக்கும் பச்சை வீடு பாதி, ஏனென்றால் அந்த வீட்டுக்காரன் ஸ்வீடன்காரியைக் கட்டிக்கொண்டான். தபால் நிலையத்து மாடியில் குடியிருப்பவர் கால். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மீன் சமைக்காமல் பன்றித் தொடையை வேக வைக்கிற ஆள் என்பதால் அந்தக் காலிலும் நஸரேனோவுக்குச் சந்தேகம் உண்டு. நான் அரை. என் அப்பா ஹாலெட் இத்தாலியர், அம்மா ஐரிஷ்.

"நீ அரைதான் லொரெட்டா. ஆனா நல்ல அரை," என்பார். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், படுக்கைப் புண் வராமலிருக்க அவரை நான் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துவிடுகிற நேரத்திலும் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த நிலையில் கிடக்கும் ஒரு மனிதர் எனக்கு மதிப்பெண் போட்டது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

எங்கள் மாவட்டத்தில் ஒரே சாலையில் மூன்று ஊர்கள். கீழே ஹாலெட், சிலேட்டுக் கல் குவாரி இருந்த ஊர். நடுவில் பிராண்டன், தக்காளியையும் பீன்ஸையும் டப்பாவில் அடைக்கும் ஆலை இருந்த ஊர். மேலே லைம் ஹில், மாடுகளும் மெதடிஸ்ட் சபைக்காரர்களும். ஹாலெட்டுக்கு வந்த இத்தாலியர்கள் ஒரு மலைக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். பிராண்டனுக்கு வந்தவர்கள் எதிர்மலைக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். அங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். கடலைத் தாண்டி வந்தவர்கள் சட்டி பானையை விட்டுவிட்டு வந்தார்கள், பள்ளத்தை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே அதற்கு ஊர் எல்லைப் பலகை என்று பெயர்.

நஸரேனோவின் அப்பா குவாரியில் கல் பிளந்தவர். மேஸ்திரிகள் எல்லாரும் வேல்ஸ்காரர்கள். பிரிட்சர்ட் என்று ஒரு மேஸ்திரி, நல்ல கல் உள்ள பக்கத்தைத் தன் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, உதிர்கிற கல்லை இத்தாலியர்களுக்குத் தள்ளுவாராம். அந்தப் பெயரை வீட்டில் சாப்பாட்டு மேசையில் சொல்லக் கூடாது. நாய் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் மட்டும் நாயை அந்தப் பெயரில் கூப்பிடலாம். இது சிக்கோனி வீட்டு ஒழுங்கு.

குவாரி மூடியபிறகு நஸரேனோ ஊராட்சியின் சாலைப் பிரிவில் சேர்ந்தார். கோடையில் குழி அடைப்பது, குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி. முப்பது குளிர்காலங்கள் அந்த லாரியை ஓட்டினார். எல்லைப் பலகைக்கு வந்ததும், லாரியின் முன்னால் பனியைத் தள்ளும் தகட்டைத் தூக்கிவிடுவார். தள்ளிக்கொண்டுவந்த பனி முழுக்கப் பலகையின் காலடியில் குவியும். பிராண்டன் பக்கத்திலிருந்து எலியோ சன்டரெல்லி என்பவர் தன் லாரியை ஓட்டிவந்து, அதே பலகைக்கு அந்தப் பக்கம் தகட்டைத் தூக்குவார். இரண்டு மகா வீரர்களும் சேர்ந்து சாலைக்குக் குறுக்கே ஆளுயரத்துக்கு ஒரு பனிச்சுவர் எழுப்பியிருப்பார்கள். அதிகாலை வேலைக்குப் போகும் நாங்கள் காரிலிருந்து இறங்கி மண்வெட்டியால் வெட்டிக்கொண்டு போவோம். நான் ஒருமுறை லாரியை நிறுத்திக் கேட்டேன்.

"ஏண்ணே, இன்னும் பத்தடி தள்ளினா என்ன?"

"அது பிராண்டன் பனி லொரெட்டா."

"வானத்திலேருந்து விழுறப்ப பேர் எழுதியா விழுது?"

"விழுந்த இடம்தான் பேரு," என்றார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பின்னால் இந்தச் சட்டம் அவர் தலையிலேயே விழப்போகிறது என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

அவர் மனைவி ஸ்டாசியா போலந்துக்காரி. இதை நஸரேனோ ஒப்புக்கொள்ளமாட்டார். "முப்பது வருஷம் என் அம்மா பக்கத்துல நின்னு சமைச்சவ. வெந்து போயிட்டா," என்பார். ஹாலெட் இத்தாலியர்களுக்கு ஓர் அடையாளம் உண்டென்றால் அது கறி அடைத்துப் பொரித்த ஆலிவ் காய். ஒவ்வொரு காயையும் சுருளாகச் சீவிக் கொட்டையை எடுத்து, அரைத்த கறியை உள்ளே வைத்து மறுபடி காயாக மூட வேண்டும். மாவட்டத்திலேயே அதை ஒழுங்காகச் செய்தவள் ஸ்டாசியாதான். நஸரேனோ சாப்பிட மட்டும் தெரிந்தவர். ஊர் முழுக்க ஜாதகம் பார்க்கிறவர் தன் சமையலறையில் நிற்கிற முழுப் போலந்தை இத்தாலியில் சேர்த்துக்கொண்டார் என்றால், கணக்கு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவள் இறந்தபிறகு ஆலிவ் நின்றுபோயிற்று. அவர் எண்ணுவது நிற்கவில்லை.

இனி புனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலெட் கோயிலில் எமீதியார் சுரூபம் ஒன்று உண்டு. ஆளுயரம், சிவப்பு மேலாடை, கையில் ஒரு சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடித்திருப்பார். நிலநடுக்கத்திலிருந்து காப்பவர். எங்கள் மாவட்டத்தில் பூமி நடுங்கியதே கிடையாது. "அவர் இருக்கிறதாலதான் நடுங்கல," என்பது நஸரேனோ கட்சி. ஆகஸ்ட் மாதம் திருவிழா. எமீதியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள், வீட்டுக்காரர்கள் அவர்மேல் தொங்கும் நாடாவில் பணத்தை ஊசியால் குத்துவார்கள், பித்தளை வாத்தியக் குழு சுருதி இல்லாமல் ஊதும். சுரூபத்தின் முன் வலது கட்டையைத் தோளில் வாங்குவது பரம்பரையாகச் சிக்கோனி வீட்டு உரிமை. நஸரேனோவின் ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். சட்டை மாட்டிவிடும்போது நான் பார்த்திருக்கிறேன்.

பிராண்டன்காரர்களுக்கும் அதே புனிதர்தான். எதிர்மலைக்கும் அவர்தானே காவல். ஆனால் கப்பலில் சுரூபத்தை வரவழைத்தது ஹாலெட். ஆகவே திருவிழாவுக்குப் பிராண்டன்காரர்கள் விருந்தாளியாக வரவேண்டும். இது அவர்களுக்கு நூறு வருட எரிச்சல்.

ஆயர் இரண்டு கோயில்களையும் ஒரே பங்காக்கி ஒரே குருவானவரை அனுப்பியதும் எரிச்சல் பற்றிக்கொண்டது. வந்தவர் ஃபாதர் சிப்ரியன், நைஜீரியாக்காரர், பொறுமைசாலி. பிராண்டன்காரர்கள் அவரிடம் போய், இப்போது நாங்கள்தான் அதிகம், எமீதியார் எங்கள் கோயிலுக்கு வரட்டும் என்றார்கள். ஹாலெட்காரர்கள் போய், எங்கள் பிணத்தைத் தாண்டித்தான் என்றார்கள். எங்கள் வயதுக்கு அது ரொம்பத் தூரத்து மிரட்டல் இல்லை. ஒரு வருடம் இரண்டு பக்கத்தையும் கேட்டு ஃபாதருக்கு அலுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் மாவட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காக, எந்த ஊரில் எந்த வம்சத்தார் எத்தனை பேர் என்று வரலாற்றுச் சங்கம் கணக்கெடுக்கப்போவதாக அறிவித்தது. பிரசங்கத்தின் முடிவில் ஃபாதர் சொன்னார்:

"எந்த ஊர்ல எமீதியாரோட ஜனம் அதிகமோ, அந்த ஊர்லதான் இனிமே எமீதியார். கணக்கு வரட்டும். அதுவரைக்கும் யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டாதீங்க."

அன்றிலிருந்து நஸரேனோவுக்கு வேறு வேலை கிடையாது. வீடு வீடாகப் போய், கேட்டால் இத்தாலியன் என்று சொல்லு என்று தலையில் அடித்துச் சொல்லிவந்தார். பாதிகளையும் கால்களையும் முழுசாகச் சொல்லச் சொன்னார். பச்சை வீட்டு ஸ்வீடன்காரியைக்கூட விடவில்லை. "நீயும் வெந்துட்டேம்மா," என்றாராம்.

நவம்பரில் விழுந்தார்.

ஹாலெட்டில் இத்தாலியர் வீட்டுக்கு வீடு ஓர் அத்திமரம் உண்டு. இந்தக் குளிருக்கு அத்தி தாங்காது. அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் மரத்தின் ஒரு பக்க வேரை வெட்டி, பக்கத்தில் நீளமாகக் குழி தோண்டி, மரத்தைச் சாய்த்துப் படுக்கவைத்து, மேலே பழைய கம்பளமும் பலகையும் மண்ணும் போட்டுப் புதைத்துவிடுவார்கள். வசந்தத்தில் எழுப்புவார்கள். பக்கத்துக் கடையில் அத்திப்பழம் டப்பாவில் கிடைக்கிறது, அது வேறு விஷயம். எண்பத்து மூன்று வயதில் நஸரேனோ தனியாகக் குழி தோண்டினார். மரத்தைச் சாய்க்கப்போனவர் தானே குழிக்குள் சாய்ந்தார். மரம் அவர்மேல் சாய்ந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. குப்பை லாரிக்காரன் வந்து பார்த்தபோது, குழியில் மரத்தைக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தவர், "மரத்தை ஒடிக்காம தூக்கு," என்றுதான் முதலில் சொன்னாராம்.

அறுவை சிகிச்சை முடிந்து அவரை எங்கள் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாவட்டத்துக்கே ஒரே இல்லம். அது இருப்பது பிராண்டனில், பிராண்டன் கோயிலுக்கு நேர் எதிரே.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி எல்லைப் பலகையைத் தாண்டியபோது கண்ணை மூடிக்கொண்டாராம். அறைக்குள் கொண்டுவந்து படுக்கையில் மாற்றும்போது திறந்தார். பக்கத்துப் படுக்கையில் எலியோ சன்டரெல்லி, பக்கவாதம் வந்து இடக்கை விழுந்து இரண்டு வருடமாக அங்கே இருப்பவர்.

"வாய்யா சிக்கோனி," என்றார் எலியோ. "பனி ரொம்பவா, வழிதப்பி இந்தப் பக்கம் வந்துட்டே?"

"லொரெட்டா, என்னை வேற ரூமுக்கு மாத்து."

"வேற ரூம் இல்லண்ணே."

"அப்ப நடுவுல திரையை இழு."

இழுத்தேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எலியோ, "தகட்டைத் தூக்கிட்டானா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் சிரித்தால் படுக்கை விரிப்பு கோணலாகும்.

எலியோதான் அந்தச் செய்தியைச் சொன்னது. ஒரு காலை, கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேன், திரை திறந்திருக்கிறது.

"பிப்ரவரியில கணக்கெடுக்க வர்றாங்களாம். தெரியுமில்ல?"

"தெரியும். எங்க ஊரு தயாரா இருக்கு."

"எந்த ஊரு?"

"ஹாலெட்டுதான், வேற எது?"

"நீ பிராண்டன்காரன்யா," என்றார் எலியோ. "படுக்கை எங்க இருக்கோ அங்கதான் கணக்கு. இங்க படுத்திருக்கிற எல்லாரும் பிராண்டன். எங்க ஊர்ல ஒண்ணு கூடிப்போச்சு. உங்க ஊர்ல ஒண்ணு குறைஞ்சுது. ரொம்ப சந்தோஷம். கஞ்சி குடி."

நஸரேனோ என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உண்மை அதுதான். சங்கம் அனுப்பிய அறிவிப்பு எங்கள் அலுவலகச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அவர் வாயைத் துடைக்கவிடவில்லை. கஞ்சி காய்ந்துகொண்டிருக்க, விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். கூடத்தில் ஃபிலோமினா டோட்ஸி. பக்கத்து அறையில் அகோஸ்தினோ. மேல் மாடியில் மாரினெல்லி சகோதரிகள். ஹாலெட்டில் வயதாகி விழுந்த இத்தாலியர்கள் எல்லாரும் இங்கேதான் கிடந்தார்கள். பிராண்டனில் நாங்கள்தான் அதிகம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார்களே, அந்த அதிகம் முழுக்க ஹாலெட்டின் கிழடுகள்தான். ஒரு ஊரின் பெருமை இன்னொரு ஊரின் இடுப்பு எலும்பில் நின்றுகொண்டிருந்தது. இதை நான் பல வருடமாகத் தினமும் தூக்கி உட்காரவைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன், ஆனால் இந்த வழியில் யோசித்ததில்லை.

அன்று மாலை முதல் எங்கள் இல்லத்தில் நஸரேனோவைப்போல உடற்பயிற்சி செய்தவர் யாரும் கிடையாது. அதுவரை காலை அசைக்கச் சொன்னால் சுவரைப் பார்ப்பவர், இப்போது பயிற்சி கொடுக்கும் பெண் வருவதற்கு முன்பே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிப்ரவரிக்குள் ஹாலெட்டில் தன் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். வலிக்கு மாத்திரை வேண்டுமா என்றால், "கணக்குக்கு அப்புறம்," என்பார். மருத்துவர் என் சாமர்த்தியம் என்று நினைத்தார். நானும் மறுக்கவில்லை.

ஜனவரியில் மகன் டாரியோ வந்தான். நஸரேனோவின் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுச் சமூகசேவகியும் வந்தாள். கழிவறை மாடியில், படி செங்குத்து, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றாள்.

"நான் குழாயடியில போய்க்குவேன்," என்றார் நஸரேனோ.

"குளிர்காலத்திலயாப்பா?"

"உன் தாத்தா போனார்."

"தாத்தா அம்பத்தெட்டு வயசுல செத்துட்டார்ப்பா. என் வீட்டுக்கு வாங்க, கீழயே ரூம் இருக்கு."

"உன் வீட்டைப்பத்திப் பேசாதே. ஹாலெட்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

டாரியோ தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். நல்ல பிள்ளை, ஞாயிறு தவறாமல் வருபவன், அப்பாவிடம் எதையும் இரண்டாம் தடவை சொல்லத் தெரியாதவன். இல்லை என்று ஆகிவிட்டது. அன்று நஸரேனோ வாக்கரைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டார். இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை சாப்பிட்டுவிட்டுச் சக்கர நாற்காலி கேட்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இல்லத்திலிருந்த ஹாலெட்காரர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளியவள் நான் என்பதால் எல்லாம் காதில் விழுந்தது. விஷயம் எளிது. ஊருக்குத் திரும்பிப்போக முடியாது. போனால்தானே ஹாலெட்டில் கூடும். ஆனால் பிராண்டனில் குறைக்க முடியும். கேட்டால் இத்தாலியன் என்று சொல்லக் கூடாது.

அகோஸ்தினோவுக்கு ஒரு தடவையில் புரிந்துவிட்டது. "நான் ஃபிரெஞ்சு," என்றார். "ராணுவத்துல இருந்தப்போ அங்க ஒரு பொண்ணு என்னை அப்படித்தான் நினைச்சா." மாரினெல்லி சகோதரிகள் ஆளுக்கொரு நாடு எடுத்துக்கொண்டார்கள். கூடப் பிறந்த இருவர் இரண்டு வம்சமாக இருக்க முடியாது என்று நான் சொன்னேன். மூத்தவள், "அம்மாவைப்பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றாள். ஃபிலோமினா டோட்ஸி மட்டும் ஒப்பவில்லை. தொண்ணூறைத் தாண்டியவள், கண் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

"ஏண்டா நாஸோ, எங்கம்மா குழியிலேருந்து எந்திரிச்சு வந்து கன்னத்துல அறைவா."

"எமீதியாருக்காக அக்கா."

"எமீதியாரு எங்க வேணா இருக்கட்டும். ஆகஸ்டுக்கு ஆலிவ் யார் பொரிக்கப்போறா? அதைச் சொல்லு."

"அடுத்த ரூமுக்குத் தள்ளு," என்றார் அவர் என்னிடம்.

பிப்ரவரியில் வரலாற்றுச் சங்கத்துச் செயலாளர் ப்ரூடென்ஸ் ஹாத்தவே வந்தார். லைம் ஹில் பழங்குடும்பம், கம்பளிக் கோட்டு, கூர்மையான பென்சில். அறை அறையாக வந்தார். அகோஸ்தினோ ஃபிரெஞ்சு ஆனார். ஒருவர் கிரேக்கர் ஆனார். அம்மையார் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. சிக்கோனியின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"உங்க முன்னோர் எந்த நாடு, மிஸ்டர் சிக்கோனி?"

நஸரேனோ வாயைத் திறந்தார். மூடினார். இந்த இடத்தில்தான் அவர் தயாராக இல்லை என்று தெரிந்தது. மற்றவர்களுக்கெல்லாம் நாடு பிரித்துக் கொடுத்தவர் தனக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே பிராண்டன் கோயில் கதவு தெரிந்தது. அவர் காது சிவந்தது. நான் இரத்த அழுத்தக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"வேல்ஸ்," என்றார்.

எண்பது வருடம் நாய்க்கு மட்டும் சொன்ன பிரிட்சர்ட் மேஸ்திரியின் வம்சம் வாயில் வந்துவிட்டது. வேறெதுவும் அந்த அவசரத்தில் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

எலியோ எழுந்து உட்கார முயன்றார். "அம்மா, அவன் பொய் சொல்றான். அவன் வேல்ஸ்காரன்னா நான் சீனாக்காரன்."

"உங்களைச் சீனர்னு எழுதிக்கட்டுமா?" என்றார் ஹாத்தவே அம்மையார்.

"ஐயோ, எழுதிடாதீங்க. இத்தாலி. பிராண்டன்."

"அவங்கவங்க சொல்றதைத்தான் எழுதுறேன்," என்று பென்சிலைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை, காரணம் எங்கள் இல்லத்தில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் நடத்தும் பெண். இருபத்து நாலு வயது, எல்லாவற்றிலும் உற்சாகம். யார் யார் என்ன வம்சம் என்ற விவரத்தை வாங்கி, ஒவ்வொருவருடைய நாட்டுக்கும் ஒரு விழா வைக்கலாம் என்று கிளம்பிவிட்டாள். மார்ச் ஒன்றாம் தேதி காலையில் நஸரேனோ கண் விழித்தபோது கதவில் சிவப்பு டிராகன் போட்ட வேல்ஸ் காகிதக் கொடி. மதியம் லீக் என்கிற வெங்காயத்தண்டு சூப். அந்த நாட்டு வழக்கப்படி சட்டையில் குத்திக்கொள்ள அதே தண்டில் ஒரு துண்டு.

"இனிய வேல்ஸ் திருநாள், மிஸ்டர் சிக்கோனி," என்றாள் அந்தப் பெண்.

நஸரேனோ என்னைப் பார்த்தார். கிழித்துப் போடு என்று அவர் கண் சொன்னது. எலியோ தலையணையில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடி வேண்டாமா?" என்றார் எலியோ. "வேண்டாம்னு சொல்லு. நான் இப்பவே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, தப்பா எழுதிட்டீங்கன்னு சொல்றேன்."

"யார் வேண்டாம்னது?" என்றார் நஸரேனோ. "குத்திவிடும்மா." தண்டைக் குத்திக்கொண்டார். சூப்பைக் கடைசித் துளிவரை குடித்தார். அவர் அப்பாவின் கல்லறை ஹாலெட்டில் இருக்கிறது. அவர் உள்ளே புரண்டு படுத்துக் கல் நகர்ந்ததாக அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் எதுவும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய அடி ஏப்ரலில். இத்தாலிய மாலை. கூடத்தில் பச்சை வெள்ளை சிவப்புத் தோரணம், துருத்தி வாத்தியம் வாசிக்க ஒரு ஆள், கறி உருண்டையோடு நூடுல்ஸ். பட்டியலில் இத்தாலியர் மட்டும். நஸரேனோவுக்கு வழக்கமான சாப்பாடு, வேகவைத்த கோழியும் காரட்டும், அறையிலேயே. கூடத்தில் பாட்டுச் சத்தம் கேட்கக் கேட்க காரட்டை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தார்.

எலியோ சாஸ் ஒட்டிய வாயோடு திரும்பி வந்தார். "பிரமாதம்யா. உனக்கும் ஒரு நாள் வரும். வேல்ஸ்ல என்ன சாப்பிடுவீங்க, ஆட்டுப் புழுக்கையா?"

"சாஸ் டப்பாவுல வந்தது," என்றார் நஸரேனோ. "வாசனையே சொல்லுது. உங்க ஊர் ஆலையில அடைச்சது."

நான் ஃபிலோமினாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அவள் மடியில் ஒரு காகிதத் துடைப்பான் பொட்டலம். பேத்தி வீட்டில் செய்து கொண்டுவந்த ஆலிவ், நாலைந்து. கட்டிலைத் தடவிப் பார்த்து அவர் கையில் வைத்தாள்.

"தின்னுடா வேல்ஸ்காரா," என்றாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றார். இரத்த அழுத்தத்துக்கு உப்பு ஆகாது. நான் பார்க்கவில்லை.

ஜூனில் முடிவு வந்தது. மாவட்டப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் அவர்கள் அறையில் வாசித்தேன். திரை திறந்திருந்தது. திரையை இப்போதெல்லாம் யாரும் இழுக்கச் சொல்வதில்லை, சண்டை போட வசதியாக இருக்காது என்பதால்.

"இத்தாலிய வம்சத்தார் அதிகம் வாழும் ஊர், லைம் ஹில்," என்று வாசித்தேன்.

"மேலே வாசி," என்றார் எலியோ. "அது வேற ஏதோ தலைப்பு."

"இதான் தலைப்பு. முதல் இடம் லைம் ஹில். ரெண்டாவது பிராண்டன். மூணாவது ஹாலெட்."

"அங்க மாடுதானே இருக்கு?" என்றார் நஸரேனோ.

"உங்க மகன் இருக்கான்."

"டாரியோ ஹாலெட்காரன்."

"வீடு லைம் ஹில்ல அண்ணே. இருபது வருஷமா."

"ஞாயித்துக்கிழமை எங்க சாப்பிடுறான்?"

"சாப்பிடுற இடத்தை எழுதல. படுக்கிற இடத்தைத்தான் எழுதினாங்க."

எலியோ உடம்பு குலுங்கச் சிரித்தார். நான் அவரையும் விடவில்லை. "உங்க பொண்ணு எங்க இருக்கா, எலியோ?"

"அது... பிள்ளைங்க ஸ்கூலுக்காகப் போனா."

"டாரியோவும் அதே ஸ்கூலுக்காகத்தான் போனான். ரெண்டு பேரும் அடுத்தடுத்த வீடு."

சிரிப்பு நின்றது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். முப்பது குளிர்காலம் எல்லைப் பலகைக்கு இரண்டு பக்கமும் காவல் காத்திருக்கிறார்கள். அதற்குள் பிள்ளைகள் சாமான் லாரியை வரவழைத்து மேட்டுக்கு ஏறிப்போய், புல்வெளியும் இரண்டு கார் நிற்கும் கொட்டகையுமாகக் குடியேறிவிட்டார்கள். ஹாலெட் ஆலைத் தெருவில் இடப்பக்க வீடுகளில் பாதியைப் பட்டணத்துக்காரர்கள் வாங்கிக் கோடைக்கு மட்டும் வந்துபோகிறார்கள். நஸரேனோ எண்ணியதெல்லாம் பழைய பெயர்ப்பலகையைத்தான்.

ஃபாதர் சிப்ரியன் சொன்ன சொல்லை மாற்றவில்லை. எந்த ஊர்ல ஜனம் அதிகமோ என்றேனே தவிர, இந்த இரண்டில் என்று எங்கே சொன்னேன் என்றார். லைம் ஹில்லில் கத்தோலிக்கக் கோயில் கிடையாது. தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில்தான் அவர் மாதம் ஒருமுறை பூசை வைக்கிறார். எமீதியார் அங்கே போனார். தீயணைப்பு லாரிக்கும் ரப்பர் குழாய்ச் சுருளுக்கும் நடுவில், கையில் சாய்ந்த கோபுரத்தோடு நிற்கிறார். அவர் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பேன்.

அன்று மாலை எலியோதான் பேச்சைத் தொடங்கினார். பத்திரிகையை நல்ல கையில் பிடித்துக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"சிக்கோனி."

"என்ன?"

"எங்களுக்கும் லைம் ஹில்லுக்கும் ரொம்பக் கொஞ்சம்தான் வித்தியாசம். நீயும் உன் ஃபிரெஞ்சுக்காரனும் கிரேக்கனும் உண்மையைச் சொல்லியிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்."

"தெரியும்," என்றார் நஸரேனோ. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஜெயிச்சிருந்தா எமீதியார் அதோ அந்தக் கோயில்ல இருந்திருப்பார்யா. ஜன்னலுக்கு நேரா. கதவைத் திறந்து வெச்சா படுத்தபடியே தினமும் பாத்திருக்கலாம் நீ."

நஸரேனோ ஜன்னலைப் பார்த்தார். இதை அவர் யோசித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். ஊருக்காகப் பாடுபடுகிற ஆண்கள் பொதுவாக யோசிக்காத விஷயம், தாங்கள் எங்கே படுத்திருக்கிறோம் என்பது.

"பிராண்டன் கோயில்ல அவரைப் பாக்கிறதுக்கு, பாக்காமலே இருக்கலாம்," என்றார் கடைசியில். பிறகு மாத்திரை கேட்டார். கணக்கு முடிந்துவிட்டதல்லவா.

ஆகஸ்டில் திருவிழா. தோளில் தூக்க ஆளில்லை என்பதால் எமீதியாரைத் தீயணைப்பு லாரியின் மேல் நிறுத்தி, சரக்குக் கட்டும் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, லைம் ஹில்லிலிருந்து பிராண்டன் வழியாக ஹாலெட்டுக்கும் திரும்ப மேலேயும் சுற்றிவந்தார்கள். நாங்கள் வாசலில் நாற்காலிகளை வரிசையாக நிறுத்தியிருந்தோம், தொப்பியும் தண்ணீருமாக. ஹாலெட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது லாரி எங்கள் வாசலில் நின்றது. ஓட்டியது டாரியோவின் மகள் ஜியானா. பக்கத்தில் எலியோவின் பேரன். இருவருக்கும் ஒரே மாதிரித் தொப்பி. ஒருவர் தோளில் ஒருவர் கை வேறு.

நஸரேனோ எமீதியாரை நிமிர்ந்து பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். தாழ்ந்திருந்த வலது தோளைத் தன்னையறியாமல் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பிறகு பேத்தியிடம் கேட்டார்.

"எல்லைப் பலகைகிட்ட நிறுத்தினியா?"

"எந்தப் பலகை தாத்தா?"

நஸரேனோ எலியோவைப் பார்த்தார். எலியோ நஸரேனோவைப் பார்த்தார்.

"லைம் ஹில் வளர்ப்பு," என்றார் எலியோ.

"மாட்டுப்பால் குடிச்சு வளர்ந்தது," என்றார் நஸரேனோ. அவர்கள் ஒரே கருத்தைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

லாரி மேடேறிப் போனது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது. நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டுபோகும்போது நான் கேட்டேன்.

"எல்லாம் முடிஞ்சுதே அண்ணே. உங்க ஃபைல்ல வேல்ஸ்னு கிடக்குது. இத்தாலின்னு மாத்திடட்டுமா? அடுத்த ஏப்ரல்ல கறி உருண்டையாவது கிடைக்கும்."

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் எலியோவின் நாற்காலிச் சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது.

"அடுத்த கணக்கு எப்ப எடுப்பாங்க?"

"யாருக்குத் தெரியும். இன்னொரு அம்பது வருஷம் ஆகலாம்."

"அப்ப அதுவரைக்கும் இருக்கட்டும்," என்றார் நஸரேனோ சிக்கோனி. "சூப் அவ்வளவு மோசமில்ல."